பழைய குடும்ப கேசட்டை இணையத்தில் ஏற்றும் முன் செய்ய வேண்டியவை

பரணில் கிடக்கும் வி.எச்.எஸ். கேசட்டை ஃபைலாக மாற்றிக் கொடுக்க ஊருக்கு ஒரு ஸ்டுடியோவாவது இருக்கிறது. மாற்றியதை யாருக்குக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது, எங்கே ஏற்றினால் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லத்தான் ஆளில்லை. எங்கள் வீட்டில் எண்பதுகளின் கடைசியிலிருந்து சேர்ந்த கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பால்காய்ச்சு கேசட்டுகளை மாற்றிப் பகிர்வதற்குள் நான் பட்ட பாட்டில் தொழில்நுட்பம் கால்வாசிகூட வராது. மற்றதெல்லாம் சொந்தக்காரர்களோடு பேசியதுதான். உங்களுக்கு அந்த அலைச்சல் குறையட்டும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

கேசட் எடுத்த காலத்தில் அதை யார் பார்ப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள், டிவி முன்னால் பாயில் உட்காரும் பத்துப் பேர். அந்த நினைப்பில்தான் கேமரா முன் நின்றார்கள். லிங்க் அனுப்புகிற நிமிடத்தில் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. காசு கொடுத்து எடுத்தது உங்கள் அப்பாவாகவே இருக்கட்டும், உள்ளே நிற்பவர்களைக் கேட்காமல் வெளியே விடாதீர்கள். கீழே உள்ள வரிசையில் 4-ஐ முடிக்காமல் 6-க்குத் தாவ வேண்டாம். பெரும்பாலான சண்டைகள் அந்தத் தாவலில்தான் ஆரம்பிக்கின்றன.

1. கடையில் கொடுக்கும்போதே பேசி முடியுங்கள்

நான் விசாரித்த இடங்களில் ஒரு கேசட்டுக்கு 300 முதல் 600 ரூபாய் வரை கேட்டார்கள். பூஞ்சை பிடித்திருந்தால் சுத்தம் செய்யத் தனிக் காசு. மூன்று மணி நேர கேசட் என்றால் மூன்று மணி நேரம் ஓடித்தான் பதிவாகும். இதில் குறுக்கு வழி கிடையாது. கேசட்டை ஓட்டும் வி.சி.ஆர். தயாரிப்பே 2016-ல் உலகம் முழுக்க நின்றுபோனது. நல்ல நிலையில் ஓடும் டெக் ஒன்றோ இரண்டோ வைத்துக்கொண்டுதான் கடைக்காரர்கள் சமாளிக்கிறார்கள். எனவே பத்து கேசட்டை ‘நாளைக்கே வாங்கிக்கங்க’ என்று சொல்பவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். இரண்டு மூன்று வாரம் என்றால் நியாயம்.

விலையைவிட முக்கியமான பேச்சு ஒன்று உண்டு. உங்கள் வீட்டு வீடியோவின் ஒரு பிரதி கடைக்காரர் கம்ப்யூட்டரில் தங்கிவிடும். நான் கொடுத்த ஒரு கடை, எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மாலை மாற்றும் காட்சியைத் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் மாதிரிக்குப் போட்டிருந்தது. கேட்டதும் எடுத்துவிட்டார்கள், சண்டை இல்லை; ஆனால் அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்களுக்கே ஒருவர் போன் செய்து சொன்னார். அதன் பிறகு எந்தக் கடையானாலும் ரசீதிலேயே எழுதி வாங்குகிறேன்: மாதிரிக்கோ விளம்பரத்துக்கோ பயன்படுத்தக் கூடாது, ஒப்படைத்த 15 நாளுக்குள் பிரதியை அழித்துவிட வேண்டும். யாரும் முகம் சுளித்ததில்லை.

ஹார்ட் டிஸ்க்கை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். ‘டிரைவ் லிங்க் அனுப்பிடுறேன் சார்’ என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த லிங்க் பெரும்பாலும் யார் வேண்டுமானாலும் திறக்கும்படி இருக்கும், வேலை முடிந்ததும் மூடவும் மாட்டார்கள். மணிக்கு ஒன்றரை, இரண்டு ஜி.பி. என்று கணக்கு வைத்தால் டிஸ்க்கில் எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரிந்துவிடும்.

வெளியாள் பார்க்கவே கூடாத கேசட் என்றால் வீட்டிலேயே மாற்றுங்கள். ஓடுகிற வி.சி.ஆர். யாரிடமாவது கிடைத்தால், அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பதிவு செய்யும் யு.எஸ்.பி. கேப்சர் கருவி சுமார் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கலாம். டிவியில் ஓடவிட்டு போனில் படம் பிடிக்கும் வழியை மட்டும் தவிருங்கள். படம் மோசமாக இருக்கும் என்பது ஒரு பக்கம். போன் கேமராவில் லொகேஷன் ஆன் செய்திருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை ஃபைலுக்குள் பதிவாகிவிடும்.

2. முழுதாகப் பாருங்கள், ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்

இதற்குத்தான் நேரம் ஆகும். ஓட்டி ஓட்டிப் பார்ப்பது போதாது. அந்தக் கால வீடியோகிராபர்கள் கேமராவை ஆஃப் செய்யாமலே தோளில் வைத்துக்கொண்டு பந்தி வரைக்கும் நடப்பார்கள். படத்தில் வெறும் தரையும் கால்களும் தெரியும். ஆனால் மைக் வேலை செய்துகொண்டே இருக்கும். மணமகள் அறைக்கு வெளியே பெரியவர்கள் பேசும் பவுன் கணக்கு, யாரோ ஒருவர் மருமகளைப் பற்றி வைக்கும் குறை, குடும்பத்தில் பழைய சொத்துத் தகராறு, எல்லாம் அதில் இருக்கும். டிவி ஸ்பீக்கரில் நாதஸ்வரம் அமுக்கிவிடும். ஹெட்போனில் தெளிவாகக் கேட்கும்.

ஒரு நோட்டில் நேரத்தோடு குறித்துக்கொண்டே வாருங்கள். என் நோட்டிலிருந்து ஒரு பக்கம்:

0:04 – மண்டப வாசல் போர்டு, இரு வீட்டார் முழுப் பெயர், ஊர், சாதிப் பட்டம்
0:31 – பெண் அலங்காரம், சேலை மாற்றும்போது கதவு திறக்கிறது. வெட்ட வேண்டும்
0:52 – சீர்வரிசை, நகைப்பெட்டி நெருக்கத்தில்
1:17 – மொய் மைக்
1:40 – பந்தி. பெரியப்பா குடித்திருக்கிறார். அவர் மகளிடம் கேட்க வேண்டும்
2:05 – மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கும் சின்னப் பையன் யார்?

கடைசி வரி மாதிரிக் கேள்விகளை வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். யார் என்று தெரியாமல் அவரிடம் சம்மதம் கேட்க முடியாது.

3. வெளியே போகக் கூடாதவை

மொய் காட்சியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் இதை யோசிப்பதில்லை. மைக்கில் பெயர், ஊர், தொகை மூன்றையும் வரிசையாகப் படிப்பார்கள். முப்பது வருடம் கழித்தும் ‘அவங்க வீட்டுல அம்பத்தி ஒண்ணுதான் வெச்சாங்களா’ என்ற பேச்சு கிளம்பும். மொய் நோட்டை நெருக்கத்தில் காட்டும் கேசட்டும் இருக்கிறது. நான் அந்தப் பகுதியை அப்படியே எடுத்துவிட்டேன்.

சீர்வரிசை. பாத்திரம், கட்டில், பீரோ, நகை என்று கேமரா ஒவ்வொன்றாக நகரும். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லிருந்து இருக்கிறது என்பதெல்லாம் ஒருபுறம். அந்த நகையில் பாதி இன்றும் அதே வீட்டு பீரோவில் இருக்கலாம். கூடவே வீட்டு வாசல், கதவு எண், தெரு போர்டு தெரிகிறதா என்றும் பாருங்கள். குடும்பம் இன்னும் அங்கேயே குடியிருந்தால் கண்டிப்பாக மறையுங்கள்.

பிறந்தநாள், பெயர் சூட்டு விழா கேசட்டுகளில் ஆபத்து வேறு மாதிரி. குழந்தையின் முழுப் பெயர், கேக்கில் வயது, படத்தின் ஓரத்தில் தேதி, அம்மாவின் பெயர் நான்கும் ஒரே காட்சியில் கிடைத்துவிடும். வங்கிக்குப் போன் செய்தால் ஆளைச் சரிபார்க்க என்ன கேட்கிறார்கள்? பிறந்த தேதி, தாயார் பெயர். அந்தக் குழந்தைக்கு இன்று முப்பது வயது, சம்பளக் கணக்கு இருக்கும்.

துணியில்லாத குழந்தை. காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் காட்சி நம் எல்லார் வீட்டு கேசட்டிலும் உண்டு. நமக்கு அது பாட்டியின் கைப்பக்குவம்; நிறுவனங்களின் தானியங்கிக் கண்காணிப்புக்கு அப்படித் தெரியாது. அமெரிக்காவில் ஒரு தந்தை, டாக்டருக்குக் காட்டுவதற்காகத் தன் குழந்தையை எடுத்த படம் கூகுள் கணக்கில் ஏறியதால் அவர் கணக்கே முடக்கப்பட்டதை 2022-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. போலீஸ் விசாரித்துக் குற்றமில்லை என்றது. கணக்கு மட்டும் திரும்பவில்லை. மெயில், போட்டோ, காண்டாக்ட் எல்லாம் அதோடு போயிற்று. இந்தக் காட்சிகளை வெட்டி, இணையத்தில் படாமல் வீட்டு டிஸ்க்கில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிளவுடில் தானாக பேக்கப் ஆகும் ஃபோல்டரிலும் வேண்டாம்.

இழவு வீட்டு வீடியோ எடுக்கும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. அதைப் பகிரவே வேண்டாம் என்பது என் கருத்து. கேட்பவர் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும்.

ஈழத்துக் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ எடுத்து டொரண்டோவுக்கும் லண்டனுக்கும் அனுப்பிய கேசட்டுகளில், பிற்பாடு இயக்கத்துக்குப் போனவர்கள், காணாமல் போனவர்கள் முகங்கள் இருக்கலாம். அவர்களின் தாய் தகப்பன், சகோதரர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். முகநூல் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது நடந்த செய்திகள் 2021-ல்கூட வந்தன. வெளிநாட்டில் இருக்கிற நீங்கள் ஏற்றும் லிங்குக்கு அங்கே இருப்பவர் பதில் சொல்ல நேரிடும். முதலில் அவர்களிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள்.

4. சம்மதம் கேளுங்கள்: சடங்கு கேசட்டுக்குத் தனியாக

கூட்டத்தில் நிற்கும் அத்தனை பேரிடமும் கேட்பது நடக்காத காரியம். யாரை மையமாக வைத்து விழா நடந்ததோ அவர், நெருக்கத்தில் காட்டப்படுபவர்கள், அப்போது குழந்தையாக இருந்தவர்கள், அப்புறம் பிரிந்துபோனவர்கள். இந்த நான்கு வகைக்கும் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். விவாகரத்து ஆன அக்காவின் கல்யாண வீடியோவை ‘எங்க அம்மா அதில் அழகா இருக்காங்க’ என்று ஏற்ற உங்களுக்கு ஆசையிருக்கும். அக்காவின் இப்போதைய வீட்டுக்காரரும் பிள்ளைகளும் அதைப் பார்ப்பார்கள். அம்மா வரும் இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்தால் போதுமே.

சடங்கு கேசட் விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் சாமத்தியவீடு என்பார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணை நடுவில் உட்கார வைத்து, தண்ணீர் ஊற்றி, தேதியோடும் பெயரோடும் எடுத்த வீடியோ அது. அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு அவர் எங்கோ டீச்சராக, மேனேஜராக, மூன்று பிள்ளைகளுக்குத் தாயாக இருப்பார். அவருடைய அம்மா ‘அதுக்கென்ன, போடுங்க’ என்று சொல்வார். அது சம்மதம் ஆகாது. அவரிடமே கேட்க வேண்டும், அதுவும் குடும்ப குரூப்பில் வைத்துக் கேட்கக் கூடாது. எல்லார் முன்னாலும் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. தனியாக இப்படி அனுப்பலாம்:

“அக்கா, நல்லா இருக்கீங்களா? வீட்டுல இருந்த பழைய கேசட்டையெல்லாம் ஃபைலா மாத்திட்டோம். அதுல உங்க சடங்கு கேசட்டும் இருக்கு. நான் யாருக்கும் அனுப்பலை, அனுப்பவும் மாட்டேன். உங்களுக்கு மட்டும் ஒரு காப்பி பென்டிரைவ்ல தரட்டுமா? எங்க காப்பியை வெச்சுக்கவா, அழிச்சிடவான்னும் நீங்களே சொல்லுங்க. அவசரம் இல்லக்கா.”

பதில் வராவிட்டால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பதில் வந்தால் அந்த மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீடியோ இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள். இறந்தவர்கள் விஷயத்தில் மனைவியோ பிள்ளைகளோ சொல்வதுதான் முடிவு.

இந்தப் படிக்கு ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். பொங்கலுக்கோ, தாத்தாவின் சதாபிஷேகத்துக்கோ போட்டுக் காட்டும் எண்ணம் இருந்தால் இரண்டு மாதம் முன்பே கேட்க ஆரம்பியுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் நெருக்குவது போல ஆகும்.

5. வெட்டுங்கள், மறையுங்கள்

வெட்டுவதற்கு லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் போதும். படத்தின் தரம் குறையாமல் துண்டு போடும். ஒரு முகத்தையோ கதவு எண்ணையோ மறைக்க ஷாட்கட் உதவும், அதுவும் இலவசம். பேச்சை மட்டும் நீக்க வேண்டிய இடத்தில் ஒலியை அடக்கிவிட்டால் போதும், காட்சியைத் தொட வேண்டியதில்லை.

யூடியூப் ஸ்டுடியோவிலேயே முகத்தை மங்கலாக்கும் வசதி இருக்கிறது. ஆனால் நீங்கள் மாற்றிச் சேமித்த பிறகு அது தயாராகச் சில மணி நேரம் ஆகும், அதுவரை பழைய வடிவம்தான் ஓடும். பிரைவேட்டாக ஏற்றி, மங்கலாக்கி, முடிந்ததா என்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குத் திறக்க வேண்டும். அசல் ஃபைலை எந்தக் காரணத்துக்காகவும் திருத்தாதீர்கள். ‘அசல்’, ‘பகிர’ என்று இரண்டு ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

6. எங்கே வைப்பது

யூடியூபில் மூன்று நிலை உண்டு. பப்ளிக் எல்லோருக்கும் தெரியும், தேடலிலும் வரும். அன்லிஸ்டட் தேடலில் வராது, ஆனால் லிங்க் கையில் இருப்பவர் எவரும் பார்க்கலாம், எவருக்கும் அனுப்பலாம். யாராவது அதைப் பப்ளிக் பிளேலிஸ்டில் சேர்த்தால் முன்பின் தெரியாதவர் கண்ணிலும் படும். அன்லிஸ்டட்டைப் பூட்டு என்று நினைத்துக் குடும்ப குரூப்பில் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. 80 பேர் இருக்கும் குரூப்பில் எத்தனை பேர் எந்தெந்த குரூப்பில் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பிரைவேட் என்றால் நீங்கள் மெயில் முகவரி சேர்த்தவர்கள் மட்டும், அவர்கள் தங்கள் கணக்கில் நுழைந்துதான் பார்க்க முடியும். 50 முகவரி வரை சேர்க்கலாம். வயதானவர்களுக்கு இது சள்ளை; பேரனோ பேத்தியோ டிவியில் ஒருமுறை லாகின் செய்து கொடுத்துவிட்டால் அப்புறம் தானாக ஓடும்.

15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ ஏற்ற உங்கள் கணக்கைப் போன் எண் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். பின்னணியில் ஸ்டுடியோக்காரர் சேர்த்த சினிமாப் பாட்டு ஓடினால் காப்புரிமை அறிவிப்பு வரும், சில சமயம் வீடியோவே தடைபடும். வீடியோ யாருடையது என்று கேட்டால், 1957 காப்புரிமைச் சட்டம் 17-ம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் உரிமை. பாட்டு அதில் சேராது.

என் சிபாரிசு கூகுள் டிரைவ். ஃபோல்டரைக் குறிப்பிட்ட மெயில்களுக்கு மட்டும் திறந்து, பார்வையாளர் டவுன்லோடு செய்யும் வசதியை நிறுத்திவிடலாம். ஸ்கிரீன் ரெக்கார்டு செய்பவரைத் தடுக்க முடியாதுதான். 15 ஜி.பி. இலவசம், மூன்று மணி நேர கேசட் இரண்டு மூன்று தாங்கும். அதற்கு மேல் 100 ஜி.பி. திட்டம் மாதம் சுமார் 130 ரூபாய். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக 2 ஜி.பி. வரை அனுப்பலாம் என்றாலும், அனுப்பிய பிறகு அது உங்கள் கையில் இல்லை. பாட்டியின் முப்பது வினாடி சிரிப்பு மாதிரித் துண்டுகளுக்கு மட்டும் வாட்ஸ்அப் சரி.

உண்மையில் மிகப் பத்திரமான வழி பழைய வழிதான். பென்டிரைவில் போட்டு, விசேஷத்துக்கு எல்லோரும் கூடும்போது டிவியில் செருகி ஓடவிடுவது. செலவு 500 ரூபாய்க்குள்.

7. ஏற்றும்போது பெயரைப் பாருங்கள்

கடைக்காரர் தரும் ஃபைலில் பெண்ணின் பெயர், விழா, தேதி மூன்றும் பெயராகவே இருக்கும். யூடியூபில் ஏற்றினால் அதுவே தலைப்பாக வந்து உட்காரும். டிரைவிலும் அப்படியே தெரியும். ‘குடும்பம் 07’ என்று மாற்றிவிட்டு ஏற்றுங்கள். எந்த எண் எந்த விழா என்பது உங்கள் நோட்டில் இருக்கட்டும். விளக்கத்தில் ஊர், மண்டபம், இன்ஷியல் எதுவும் வேண்டாம். யாரையும் டேக் செய்யாதீர்கள். அன்லிஸ்டட்டோ பப்ளிக்கோ தேர்ந்தெடுத்தால், கமெண்ட்டையும் பிற தளங்களில் பதிக்கும் அனுமதியையும் நிறுத்திவிடுங்கள். போனில் எடுத்த ஃபைல் என்றால் லொகேஷனை நீக்கிய பிறகே யாருக்கும் கொடுங்கள்.

8. யாராவது எடுக்கச் சொன்னால், அல்லது கை மீறிப் போனால்

உறவுக்காரர் ஒருவர் எடுக்கச் சொன்னால் அன்றைக்கே எடுங்கள். வாதம் பண்ணுவதாக இருந்தால் எடுத்த பிறகு பண்ணலாம்.

நீங்கள் பகிர்ந்ததை வேறொருவர் எடுத்துத் தன் சேனலில் போட்டிருந்தால் முதலில் ஸ்கிரீன்ஷாட், லிங்க், தேதி மூன்றையும் சேமியுங்கள். பிறகு யூடியூபின் தனியுரிமைப் புகார்ப் படிவம். வீடியோவில் இருப்பவரே அதைத் தர வேண்டும்; குழந்தைக்கும் இறந்தவருக்கும் நெருங்கிய குடும்பத்தார் தரலாம். எந்த நிமிடத்தில் தெரிகிறார் என்று கேட்பார்கள், அங்கே உங்கள் நோட்டு கைகொடுக்கும். போட்டவருக்குத் தானாக எடுக்க 48 மணி நேரம் கொடுப்பது அவர்கள் நடைமுறை.

அந்தரங்க உறுப்பு தெரியும் காட்சியோ, முகத்தை வெட்டி ஒட்டிய போலி வீடியோவோ என்றால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் இதற்கு 24 மணி நேரக் கெடு வைத்தன. அந்தரங்க உறுப்பைச் சம்மதமில்லாமல் படம் பிடித்தாலோ பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஈ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ உண்டு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பகுதி இருக்கிறது, பெயர் சொல்லாமலும் பதியலாம். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

9. மிச்சப் பிரதிகள்

கடைக்காரர் சொன்ன 15 நாள் முடிந்ததும் ஒரு போன் போட்டு அழித்தாயிற்றா என்று கேளுங்கள். விற்கப்போகும் பழைய லேப்டாப், தங்கை மகன் கேட்டு வாங்கிப்போன பென்டிரைவ், போனின் டவுன்லோடு ஃபோல்டர் மூன்றையும் பாருங்கள். எனக்கு மூன்றாவதில்தான் இரண்டு முழுக் கல்யாணம் கிடைத்தது. கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள், பழைய பேப்பர்காரரிடமும் போடாதீர்கள். ஈரமில்லாத அலமாரியில் நிமிர்த்தி வைத்தால் போதும். அழிக்கத்தான் வேண்டும் என்றால் நாடாவை உருவி வெட்டிவிட்டுப் போடுங்கள்.

கூகுள் கணக்கை இரண்டு ஆண்டு தொடாமல் விட்டால் அதை நீக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கணக்கு அமைப்புகளில் செயலற்ற கணக்கு நிர்வாகி என்று ஒன்று இருக்கிறது. அதில் நம்பிக்கையான ஒருவரின் மெயிலைச் சேர்த்து, எத்தனை மாதம் நீங்கள் வராவிட்டால் அவருக்குத் தகவல் போக வேண்டும் என்று வைத்துவிடுங்கள். யாரிடம் கேட்டுப் பகிர்ந்தீர்கள், யார் வேண்டாம் என்றார்கள் என்ற அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்பதையும் அவரிடமே சொல்லி வையுங்கள்.